இவர் கண்ணில் நான் போட்ட மை

மார்ச் 4, செவ்வாய்

இன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வராதவர்கள். "ஒரு வாய் காபிதான் குடிச்சேன் சிஸ்டர்" என்கிறார்கள். ஒரு வாய்க்கா சர்க்கரை இவ்வளவு ஏறும்? வாளியில் குடித்திருப்பார்கள்.

மதியம் பெரிய டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் புது வர்ணம் அடித்தாயிற்று. வரவேற்பறைச் சுவர் மொட்டையாக நிற்கிறது. அதில் எங்கள் ஒவ்வொருவர் படத்தையும் பெரிதாக்கி மாட்டப்போகிறாராம். "நோயாளிங்க உள்ள நுழைஞ்சதும் உங்க முகத்தைப் பார்த்து தைரியம் வரணும்" என்றார். மாதக் கடைசியில் போட்டோகிராபர் வருகிறார்.

போட்டோவில் எனக்குக் கண்ணே கிடையாது. கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் தூங்க ஆரம்பித்தவள், கடைசிப் பக்கம் வரை எழுந்திருக்கவில்லை. அடையாள அட்டையிலும் தூக்கம்தான். வெளிச்சம் வெட்டப்போவது என் இமைக்கு எப்படித்தான் தெரியுமோ, ஒரு நொடி முன்னாலேயே கடையைச் சாத்திவிடுகிறது.

எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணிடம் புலம்பினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அவள் பெயரே எக்ஸ்ரேதான், சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். "அக்கா, நீங்க ஸ்மோக்கி ஐ போட்டுக்கோங்க, புகை படிஞ்ச மாதிரி மை. அதுல கறுப்பு, பழுப்பு எல்லாம் இமை மேலதான். கண்ணைத் திறந்தா பாதிதான் தெரியும். மூடினாதான் முழு அழகும். உங்களுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க."

கிண்டலா, யோசனையா?

சாப்பிட்டு முடிக்கும்வரை நினைத்துப் பார்த்தேன். யோசனைதான்.


மார்ச் 6, வியாழன்

வாங்கிவிட்டேன். சின்னப் பெட்டியில் நான்கு நிறம், ஒரு மை பென்சில், இரண்டு பிரஷ், இமைமுடிக்கு மஸ்காரா. கடைப் பெண், "இந்தப் பென்சில் அழுதாலும் கலையாது மேடம்" என்று அடித்துச் சொன்னாள். சரி, அழும்படி என்ன வந்துவிடப்போகிறது?

வீடியோ பார்த்தேன். மூன்றே படி. இமை மடிப்பில் பழுப்பு, இமை மேல் கறுப்பு, எல்லை தெரியாமல் தேய்த்துக் கலப்பது. அந்தப் பெண் "அவ்வளவுதான், சிம்பிள்!" என்று சிரிக்கிறாள். அவள் இமை விளையாட்டு மைதானம். கண்ணைத் திறந்தால் என் இமை எங்கே போகிறதென்றே தெரியவில்லை, உள்ளே சுருட்டி வைத்துக்கொள்கிறேன் போல.


மார்ச் 8, சனி

முதல் முயற்சி.

இதில் யாரும் சொல்லாத சங்கடம் ஒன்று இருக்கிறது. இமையில் பூச வேண்டுமானால் கண்ணை மூட வேண்டும். மூடினால் எங்கே பூசுகிறோம் என்று தெரியாது. திறந்து பார்த்தால் பூசியது புருவத்தில் இருக்கிறது. உலகத்தில் இத்தனை பெண்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? எல்லோருக்கும் மூன்றாவது கண் இருக்கிறதா?

கறுப்புத் தூள் கன்னமெல்லாம் உதிர்ந்தது. துடைத்தேன், மீசை வந்தது.

இவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போய் கேஸை மூடினார்.

"எங்கயும் தீப்புண் இல்லையே?" என்றார். கவலையாகத்தான் கேட்டார். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.


மார்ச் 9, ஞாயிறு

இன்று கொஞ்சம் முன்னேற்றம். கண்ணின் வெளிமூலையிலிருந்து புருவ நுனிக்குச் சாய்வாக, ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற காகிதப் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டேன். அதைத் தாண்டி நிறம் போகாது. கன்னத்தில் முகப் பவுடரைத் தாராளமாகப் போட்டுக்கொண்டால், உதிர்கிற கறுப்பைப் பவுடரோடு சேர்த்துத் தட்டிவிடலாம். ஆனாலும் வலது கண் ஒரு மாதிரி, இடது கண் வேறு மாதிரி. அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது. தூரத்துச் சொந்தம்.

பிறகு தோன்றியது. பிறந்து ஒரு வாரமான குழந்தையின் கையில் நரம்பு கண்டுபிடிக்கிறவள் நான். அடுத்தவர் உடம்பென்றால் என் கை ஆடாது. அடுத்தவர் கண்ணில் போட்டுப் பழகினால்?

வீட்டில் அடுத்தவர் ஒருவர்தான் இருக்கிறார். சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடினா மேட்ச்சை எப்படிப் பாக்கறது?"

"ஒரு கண்ணு போதும் எனக்கு. இன்னொண்ணுல பாருங்க."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன்?"

உட்கார்ந்தார். டிரைவிங் ஸ்கூலில் வருஷக்கணக்காக மாஸ்டராக இருக்கிறவர். பக்கத்தில் யாராவது தப்புத் தப்பாக எதையாவது செய்துகொண்டிருக்க, அசையாமல் உட்கார்ந்திருப்பதுதானே தொழில்?

அப்பா, அந்த வலது கண்! மடிப்பில் பழுப்பு, அதை வட்டம் வட்டமாகத் தேய்த்து மேலே கரைத்தேன். இமையில் கறுப்பை ஒத்தி எடுத்தேன், தேய்க்கவில்லை. இமைமுடி ஓரத்தில் பென்சில், அதன் மேல் பஞ்சுக் குச்சியால் ஓர் இழுப்பு. புகை தானாக எழுந்து போனது மாதிரி இருந்தது. இந்த மனிதருக்கு இவ்வளவு அழகான கண் இருப்பதை நான் இத்தனை நாள் கவனித்ததே இல்லை.

கண்ணாடியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பரவால்லையே" என்றார். அப்புறம் அவசரமாக எழுந்து போய் சோப்புப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது போகாமல் பரவியது. கறுப்பு நீலமாகி, பழுப்பு ஊதாவாகி, சோப்பு எரிச்சலில் கண்ணும் சிவந்து வீங்கி—

"காலையில போயிடும்" என்றேன். கடைப் பெண் சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை.


மார்ச் 10, திங்கள்

போகவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் வகுப்புக்குப் போய்விட்டார். காலையில் முதல் வகுப்பு எங்கள் கீழ்வீட்டு அம்மாவுக்கு. பேரன் பேத்தி எடுத்தபிறகு கார் ஓட்டியே தீருவேன் என்று சேர்ந்திருக்கிறார். பிரேக்கைத் தவிர எல்லாவற்றையும் மிதிப்பார் என்று இவர் சொல்வார்.

எக்ஸ்ரேயிடம் சொன்னேன். "எண்ணெய் தொட்டுத் துடைச்சா ஒரே இழுப்புல வந்திருக்குமே அக்கா" என்றாள். இதை அந்த வீடியோக்காரி ஏன் சொல்லவில்லை?

சாயங்காலம் எண்ணெயால் துடைத்துவிட்டேன். "யாராவது எதாவது கேட்டாங்களா?"

"ம்ஹூம்" என்றார். "கீழ்வீட்டு அம்மா இன்னிக்கு ஒரு தடவைகூட என்னோட சண்டை போடல. சொன்னபடி ஓட்டினாங்க. கடைசியில டீ வாங்கிக் குடுத்தாங்க. பிஸ்கட் வேற."

"என்ன திடீர்னு?"

"யாருக்குத் தெரியும்" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நேற்றைய பேப்பர்.


மார்ச் 12, புதன்

சமையலறையில் அடுக்கு கை நழுவி விழுந்து உருண்டது. அடுத்த நிமிஷம் வாசல் மணி. கீழ்வீட்டு அம்மா மூச்சு வாங்க நிற்கிறார்.

"என்னம்மா சத்தம்?"

"பாத்திரம் விழுந்துடுச்சும்மா."

"எதுமேல?"

"தரைமேலதான்."

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சார்! சார், நல்லாருக்கீங்களா?"

உள்ளேயிருந்து இவர், "இருக்கேம்மா" என்றார். அதை ஏன் அவ்வளவு பரிதாபமாகச் சொன்னார்? பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.


மார்ச் 13, வியாழன்

ஏதோ சரியில்லை. லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. வாட்ச்மேன் எனக்கு வைக்கிற சலாம் முன்னைவிட விறைப்பாக இருக்கிறது.

இன்று கீழ்வீட்டு அம்மா சர்க்கரை பார்க்க வந்தார். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, கையை நீட்டி, நான் தொட்டதும் இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். கண்ணில் நீர்.

"மெதுவாம்மா. நான் உனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

நான் எப்போது முரட்டுத்தனமாகக் குத்தினேன்? எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று இதே அம்மாதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் எக்ஸ்ரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலை இறக்கி, "அக்கா, கோவம் வந்தா உடனே தண்ணி குடிச்சிடுங்க. எங்கம்மா அதான் பண்ணுவாங்க" என்றாள்.

"எனக்கு எதுக்குடி கோவம்?"

"வரலைன்னா நல்லதுதான்க்கா" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம் என்று இவளிடம் யார் சொன்னது?


மார்ச் 14, வெள்ளி

இவரை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் பேப்பர். பேப்பரைப் பிடுங்கினேன். பிறகு வெளியே வந்தது.

அன்று காலையில் கீழ்வீட்டு அம்மா கேட்டாராம், "சார், கண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று. இவர், "ஒண்ணுமில்லம்மா… வீட்ல…" என்றாராம். "வீட்ல?" என்றாராம் அவர். "வீட்ல அவ…" என்று இழுத்தாராம் இவர். மிச்சத்தை அந்த அம்மாவே முடித்துக்கொண்டாராம். "ஐயோ, கை நீட்டுறாளா?" என்று நெஞ்சில் கை வைத்தாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"இல்லைன்னு சொல்லல?"

"ஆமான்னும் சொல்லலையே!"

அங்கிருந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டது செய்தி. மற்ற மாஸ்டர்களெல்லாம் இவரைத் தட்டிக்கொடுத்தார்களாம். ஒருவர், வேண்டுமானால் தன் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாராம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டீயையும் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்!

"மை போட்டான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உனக்குப் புரியாது" என்றார். "பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினேன்னா பாவம்னு விட்டுடுவாங்க. கண்ணுக்கு மை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு தெரிஞ்சா, ரிட்டையர் ஆகறவரைக்கும் என் பேர் அதுதான்."

அதாவது, இவர் மானம் நிற்க வேண்டும் என்றால் நான் ராட்சசி ஆகலாம். என்ன நியாயம் இது? எந்த ஊர் நியாயம்? ஐயோ, எக்ஸ்ரேயிடம் மை பற்றிச் சொன்னேனே, அதையும் சமாளிப்பு என்று நினைத்துவிட்டாளா?

பென்சில் முனை உடைகிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.


மார்ச் 15, சனி

நாத்தனார் போன். ஹலோகூட இல்லை.

"அண்ணி, எங்கண்ணன் வாயில்லாப் பூச்சி."

"தெரியும்" என்றேன். "வாயைத் திறந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

போனை வைத்துவிட்டாள். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.


மார்ச் 17, திங்கள்

இவர் சரிசெய்கிறேன் என்று கிளம்பினார். சரிசெய்துவிட்டும் வந்தார்.

கீழ்வீட்டு அம்மாவிடம், "அம்மா, அன்னிக்கு நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. கதவு இடிச்சிடுச்சு" என்று சொன்னாராம்.

அந்த அம்மா ஓரமாகக் காரை நிறுத்தி அழுதாராம். "எல்லாரும் இதைத்தான் சார் சொல்வாங்க. கதவு, படி, பாத்ரூம் வழுக்கிடுச்சு… நீங்க அவளைக் காப்பாத்த வேண்டாம் சார்."

முதன்முறையாக வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டியிருக்கிறார் என்பதுதான் இவருக்குப் பெருமை.


மார்ச் 18, செவ்வாய்

பெரிய டாக்டர் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். அவர் நாற்காலியைக் காட்டினால் நல்ல செய்தி இல்லை.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. வீட்டு விஷயம், நான் கேக்கவும் மாட்டேன். ஆனா ரெண்டு மூணு பேர் உங்ககிட்ட எடுத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள் உள்ள, சாம்பிள் பிரிக்கற இடத்துல இருங்க."

"டாக்டர், அது மை—"

"சொன்னாங்க" என்றார் மெல்ல. யாரும் நம்பாத ஒன்றை அன்பாகக் கேட்டுக்கொள்கிற குரல். "போட்டோவும் உங்களுக்கு அப்புறமா எடுத்துக்கலாம்."

உள் அறையில் ஜன்னல் இல்லை. குழாய்கள், ரப்பர் மூடிகள், சுற்றிக்கொண்டே இருக்கிற மெஷின். மனுஷர் கையைத் தொடாமல் ஒரு நாள் முழுக்க இருந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு ஒண்ணும் புரியல. நான் யாருக்கு என்ன பண்ணேன்? ஒரு கண்ணுக்கு மை போட்டேன். அவ்வளவுதானே பண்ணேன்?


மார்ச் 19, புதன்

இவரோடு பேசவில்லை.


மார்ச் 20, வியாழன்

இன்றும் பேசவில்லை. தேங்காய் துருவியபோது விரலில் கீறிக்கொண்டேன். இவர் பிளாஸ்திரி எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கி நானே ஒட்டிக்கொண்டேன்.


மார்ச் 21, வெள்ளி

கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். டாக்டர் சொன்னது, ஜன்னல் இல்லாத அறை, சுவரில் என் படம் இல்லை என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தவில்லை. கத்தினால் கீழே கேட்கும், அதற்கும் நானே பதில் சொல்ல வேண்டும். கிசுகிசுத்தே சண்டை போட்டேன். கிசுகிசுத்தே அழுதேன். தொண்டை வலிக்கிறது.

இவருக்கு ஆஸ்பத்திரி விஷயம் தெரியாது. நான் சொன்னால்தானே? முகம் வெளுத்துவிட்டது.

"அவ்வளவு தூரம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"நான் வந்து டாக்டர்கிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. கதவு இடிச்சுதுன்னு சொல்லுங்க."

இவர் என் விரலில் இருந்த பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.


மார்ச் 22, சனி

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலையில் எழுந்து வந்தால் குளியலறை விளக்கு எரிகிறது. கண்ணாடி முன்னால் இவர். சட்டை போட்டு, தலை வாரி, கையில் என் பிரஷ். வலது கண்ணில் பூசிக்கொண்டிருக்கிறார். இடது கண் ஏற்கெனவே முடிந்திருந்தது. முடிந்தது என்றால், கதை முடிந்தது. புருவம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"என்னங்க இது?"

"சொன்னா நம்ப மாட்டாங்க. காட்டிடறேன்."

"இப்படியேவா வெளிய போறீங்க?"

"ஆமா. முதல்ல கிளாஸ். அப்புறம் ஸ்கூல் ஆபீஸ். அப்புறம் உன் ஆஸ்பத்திரி."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடுக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு.

"மடிப்புல கலக்கவே இல்லையே. அப்படியே கோடு தெரியுது."

"தெரிஞ்சா தெரியட்டும்."

"தெரியக்கூடாது! இதை நான் போட்டதுன்னு சொல்லப்போறீங்க. இந்த லட்சணத்துல போனீங்கன்னா அடி வாங்கினதுன்னுதான் மறுபடி சொல்வாங்க. உக்காருங்க."

ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். எண்ணெயால் துடைத்து, முதலிலிருந்து. இரண்டு கண்ணும். இரண்டும் ஒரே அளவு, ஒரே சாய்வு. முடிக்கும்போது அவர் இமை லேசாகத் துடித்தது. பயம். வெளியே போகப் பயம். ஆனாலும் எழுந்தார், செருப்பை மாட்டினார், போனார்.

இனி, இவர் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை நடந்ததெல்லாம் நான் கேட்டு எழுதுவது.

கீழ்வீட்டு அம்மா காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். கார் அதிர்ந்து நின்றது. "சார்… ரெண்டு கண்ணுலயுமா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் உற்றுப் பார்த்திருக்கிறார். "சார், இது… அழகா இருக்கே?"

"என் பொண்டாட்டி போட்டதும்மா. அன்னிக்கும் அவதான் போட்டா. சோப்புப் போட்டுத் தேய்ச்சு நான்தான் கெடுத்தேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டேன். அவ எறும்பைக்கூட அடிக்க மாட்டா."

அந்த அம்மா விரலை நீட்டி, இமையைத் தொட்டு, விரலைப் பார்த்தாராம். கறுப்பு.

டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் என்ன நடந்தது என்று இவர் முழுதாகச் சொல்ல மறுக்கிறார். "சிரிச்சாங்க. சிரிக்கட்டும்" என்பதோடு சரி. புதுப் பெயர் ஒன்று வைத்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிகிறது. அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் உள் அறையில் குழாய்களோடு இருந்தேன். எக்ஸ்ரே ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். வரவேற்பறையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் இவர், சட்டைப் பையில் பேனா, காலில் செருப்பு, கண்ணில் பளபளவென்று புகை. பெரிய டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பக்கத்துல வந்து பாருங்க டாக்டர். காயமா, கலரா, நீங்களே சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். கீழிமையை இழுத்தே பார்த்தார், மஞ்சள் காமாலைக்குப் பார்க்கிற மாதிரி. "கலர்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எக்ஸ்ரே சிரித்துக்கொண்டே, "அக்கா, நான் நம்பியிருக்கணும்க்கா" என்று அழுதாள்.

இவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "கிளாஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற மாதிரி கல்யாணமான புதிதில்கூட நின்றதில்லை.

என் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன்.


மார்ச் 23, ஞாயிறு

கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேம்மா. ஊர் பூரா சொல்லி வேற வச்சுட்டேன். அது என் தப்பு, எல்லார்கிட்டயும் போய் நானே மாத்திச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா கேட்டது தப்பில்ல. அடுத்த வீட்டுல ஒருத்தர் வீங்கின கண்ணோட வந்தா நான் மறுபடியும் கேப்பேன். உன் கண்ணு வீங்கியிருந்தாலும் கேப்பேன்."

கோபமாக ஏதோ சொல்லத்தான் வைத்திருந்தேன். அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நிஜமாகவே யாராவது கை நீட்டுகிற வீட்டில், சத்தம் கேட்டு மூச்சு வாங்க மாடியேறி வருகிற ஒருத்தர் இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம்!

"கேளுங்கம்மா" என்றேன். "கேட்டுட்டு, சொல்றதையும் நம்புங்க."

தலையை ஆட்டினார். அப்புறம் வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தக் கறுப்பு… என் வயசுக்கு ஒத்து வருமா?" என்றார்.

போட்டுவிட்டேன். வயதான இமையில் கறுப்பு சுருக்கத்தில் போய் ஒளிந்துகொள்கிறது, பழுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அந்த அம்மா கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிட்டு, படியில் இறங்காமல் லிஃப்டில் போனார். நாலு பேர் பார்ப்பார்களே.


மார்ச் 28, வெள்ளி

போட்டோ நாள்.

நானே போட்டுக்கொண்டேன். ஒரு கண்ணை மூடி, கைக்கண்ணாடியை மேஜையில் படுக்கவைத்து, மேலிருந்து மறுகண்ணால் குனிந்து பார்த்தால் இமை தெரிகிறது. கண்டுபிடித்துவிட்டேன். அருமையாக வந்தது. கண்ணை மூடியே போஸ் கொடுக்கத் தயாராகப் போனேன்.

விதி மஸ்காராவில் இருந்தது. எக்ஸ்ரே, "இன்னொரு கோட் போட்டா தூக்கலா இருக்கும்க்கா" என்றாள். போட்டேன். காயுமுன் மேலே பார்த்தேன். மேலிமை முடியெல்லாம் புருவத்துக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. கண்ணைச் சிமிட்ட முடியவில்லை. மூடவே முடியவில்லை!

"ரெடி மேடம்" என்றார் போட்டோகிராபர்.

"ஒரு நிமிஷம், என் கண்ணு—"

வெளிச்சம் வெட்டியது.

வாழ்நாளிலேயே முதன்முறையாக, போட்டோவில் கண்ணைத் திறந்திருக்கிறேன். திறந்திருக்கிறேன் என்றால், பேயைப் பார்த்தவள் மாதிரி. மூன்று வாரம் பாடுபட்ட இமை ஒரு துளிகூடத் தெரியவில்லை.


ஏப்ரல் 7, திங்கள்

படங்களை மாட்டிவிட்டார்கள். எல்லோரும் லட்சணமாகச் சிரிக்கிறார்கள். கடைசியில் நான், விழி பிதுங்க.

வருகிறவர்கள் என் படத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். "இந்தம்மா எதைப் பார்த்து இப்படி பயப்படுறாங்க?" என்று ஒரு குழந்தை கேட்டது. கதவளவு பெரிய ஆள் ஒருவர், ஊசி என்றாலே மயக்கம் போடுகிறவராம், மூன்று பேரைத் தாண்டி என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "உங்ககிட்டதான் எடுத்துக்குவேன். உங்களுக்கும் ஊசின்னா பயம் போலிருக்கு, மெதுவா குத்துவீங்க."

மெதுவாகத்தான் குத்தினேன். முடிந்ததுகூடத் தெரியாமல் இன்னும் கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தார்.

படத்தை மாற்ற வேண்டுமா என்று பெரிய டாக்டர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.


ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று ஒரு விசேஷமும் இல்லை. சும்மா போட்டுக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. இடது கண்ணை முடித்துவிட்டு நேரம் பார்த்தேன், பஸ் போய்விடும் போல இருந்தது. போட்டதையும் துடைத்துவிடலாம் என்று எண்ணெயை எடுத்தேன்.

இவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "குடு அதை. மூடு கண்ணை."

"உங்களுக்கு வராதுங்க."

"மூடும்மா."

மூடினேன். பிரஷ் என் இமையில் வந்து நின்றது. "அழுத்தாதீங்க, ஆக்சிலேட்டர் இல்ல அது" என்றேன். "பேசாத, வண்டி ஆடுது" என்றார். பக்கத்தில் காபி வாசனையோடு அவர் மூச்சு. இழுப்பதும் நிறுத்துவதும் தள்ளி நின்று பார்ப்பதும், மறுபடி ஒரு இழுப்பு.

கண்ணாடியில் பார்த்தேன். இடது கண் சாயங்காலம் மாதிரி. வலது கண் கரண்ட் போன மாதிரி.

"துடைச்சிடறியா?" என்றார்.

"பஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கீழே கேட் பக்கத்தில் கீழ்வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கிட்டே வந்து வலது கண்ணை உற்றுப் பார்த்தார்.

"சார் போட்டாரா?"

"ஆமாம்மா" என்றேன்.